சம்பந்தியின் சாப்பாட்டு ஜன்னல்

நெருப்பை எவரோ கண்டுபிடித்தார். சக்கரத்தை எவரோ கண்டுபிடித்தார். பூஜ்யத்தை நம் நாட்டுக்காரர் ஒருவர் கண்டுபிடித்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பூஜ்யத்தைத் தட்டில் வைத்துச் சாப்பிடலாம் என்று கண்டுபிடித்த பெருமை மட்டும் காரைக்காலைச் சேரும். குறிப்பாகச் சொன்னால், ஓய்வு பெற்ற கண்காணிப்பாளரும், காரைக்கால் இடைவெளி நோன்பு நலச் சங்கத்தின் நிறுவனர், தலைவர், வாழ்நாள் ஆலோசகர் ஆகிய மூன்று பதவிகளை ஒரே உடம்பில் சுமப்பவருமான உயர்திரு அன்பழகன் அவர்களைச் சேரும்.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். பெயர் முத்தையன். தலைவர் வேலையில் இருந்தபோது அவருக்குக் கீழே எழுத்தராக இருந்தேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் கைகட்டி நிற்கும் வழக்கம் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதனால் செயலாளர் பதவிக்குப் போட்டியே இல்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டேன். வீட்டில் தலைவரைக் கேள்வி கேட்க இருந்த ஒரே ஆள் அவருடைய மனைவி. அந்த அம்மா காலமான மூன்றாம் மாதம் சங்கம் தொடங்கப்பட்டது.

இடைவெளி நோன்பு என்றால் என்னவென்று கேட்கும் பாமரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது, அதாவது சாப்பிடுவதற்கு. பேசுவதற்குத் தடையில்லை, எங்கள் உறுப்பினர்கள் பேசினார்கள். மிச்சமுள்ள எட்டு மணி நேரத்தில் சாப்பிடலாம். அந்த எட்டு மணி நேரத்தை ஆங்கிலத்தில் 'விண்டோ' என்கிறார்கள். தலைவர் தமிழ்ப் பற்றாளர். 'சாப்பாட்டு ஜன்னல்' என்று மொழிபெயர்த்தார்.

"ஜன்னலும் தமிழ் இல்லீங்களே சார்" என்றேன். சங்கத்தில் நான் கேட்ட கடைசிக் கேள்வி அது.

ஜன்னல் பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும், இரவு எட்டு மணிக்கு மூடும். அதற்கு முன்பு காரைக்கால் ஓர் இருண்ட காலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. விடிந்ததும் டீ, அப்புறம் இட்லி, வெயில் ஏறியதும் வடை, மதியம் மீன் குழம்பு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை என்று பசித்தபோதெல்லாம் மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பசி வந்தால் சாப்பிடுவது எவ்வளவு பின்தங்கிய செயல் என்பதை அமெரிக்காவில் இருக்கும் ஒரு டாக்டர் வீடியோவில் சொல்லித்தான் தலைவருக்கே தெரிந்தது.

சங்கம் வந்தபின் ஊரின் உணவுப் பழக்கம் அடியோடு மாறியது. உறுப்பினர்கள் காலையில் இட்லி சாப்பிடுவதில்லை. அதே இட்லியைப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு. ஜன்னல் மூடிவிடுமே என்ற கவலையில் மூன்று மணிக்குப் பிரியாணி, ஐந்துக்குப் பஜ்ஜி. இரவு எட்டு மணி நெருங்கும்போது பரோட்டாக் கடைகளில் எங்கள் சங்கத்தார் ஓடி வந்து நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள் ஊரில் ஏதோ ஊரடங்கு என்று நினைத்தார்கள்.

ஒருநாள் உறுப்பினர் சிதம்பரநாதன் மீது புகார் வந்தது. எட்டு மணிக்குப் பிறகு அவர் வாய் அசைந்ததைப் பார்த்ததாக இருவர் சாட்சி சொன்னார்கள். அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

"வாயில வச்சது ஏழு அம்பத்தொம்போதுக்கு. முழுங்கினதுதான் எட்டு மணிக்கு மேல" என்றார் சிதம்பரநாதன்.

"நோன்பு வாய்க்கா, வயித்துக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 'வாயில் வைத்த நேரமே செல்லும்' என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாளிலிருந்து ஏழு ஐம்பத்தொன்பதுக்கு ஒரு முழுப் பரோட்டாவை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, எட்டேகால் வரை அமைதியாக மென்றபடி கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சி செய்யும் நாகரிகம் எங்கள் ஊரில் தோன்றியது.

மாதக் கடைசியில் எடை பார்த்தோம். எல்லாருக்கும் கூடியிருந்தது. எடை இயந்திரம் பழுது என்று முடிவு செய்து, அதைச் சங்கத்திலிருந்து நீக்கினோம்.

ஜவுளிக்கடை அஜ்மீர் பாயை உறுப்பினராகச் சேர்க்கத் தலைவரே நேரில் போனார். பாய் டீ வாங்கி வைத்தார். தலைவர் அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்தார்.

"எங்களுக்கு வருஷத்துல ஒரு மாசம் நோன்பு இருக்குங்க. பசின்னா என்னன்னு தெரிஞ்சிக்கிறதுக்காக வைக்கிறோம். நீங்க எதுக்காக வைக்கிறீங்க?" என்று கேட்டார் பாய்.

"இன்சுலினுக்காக" என்றார் தலைவர்.

பாய் அந்த டீயை எடுத்துத் தானே குடித்தார்.

இந்த நோன்புக்கெல்லாம் சாட்சி கைப்பேசியில் இருக்கும் ஒரு செயலி. நோன்பைத் தொடங்கும்போது அதில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பிக்கும். நேரம் முடிந்தால் ஊதுகுழல் சத்தம் கேட்டு, திரையில் பதக்கம் தோன்றும். நடுவில் ஒரு பருக்கை சாப்பிட்டுவிட்டால் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். வட்டாரத்தில் யார் முதல் என்ற வரிசையும் அதில் வரும். எங்கள் தலைவர் எப்போதும் இரண்டாவது இடம். முதலிடத்தில் நாகூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவரைத் தலைவர் பார்த்ததில்லை. ஆனால் அவரை நினைத்தே தலைவருக்குப் பாதித் தூக்கம் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு கல்யாணம் குறுக்கிடுகிறது.

தலைவரின் ஒரே மகன் சசிதரன். துறைமுகத்தில் வேலை. கெட்டிக்காரன், ஆனால் அப்பாவிடம் மட்டும் குரல் எழும்பாது. கிளிஞ்சல்மேடு மீனவக் கிராமத்தில் இருக்கும் என் அக்கா பவுனம்மாளின் மகள் வினோதினி, காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பேரும் கல்லூரியிலிருந்தே ஒருவரையொருவர் விரும்பினார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன், மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் செயலாளர் என்று இரண்டு பக்கமும் நான்தான் இருந்தேன்.

அக்கா புருஷன் அரசப்பனுக்கு இந்தச் சம்பந்தத்தில் முதலில் இஷ்டமில்லை. பைபர் போட்டில் கடலுக்குப் போகிற மனிதர். "நம்ம மாதிரி பட்டினச்சேரிக் குப்பத்துல பொறந்துட்டு மீன் வாடையே ஆகாதுன்னு டவுனுக்குப் போனவங்க. நம்மள மதிப்பாங்களா மாப்ள?" என்று என்னிடம் கேட்டார். ஒரு வருஷம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். வினோதினி அந்த ஒரு வருஷமும் அவரிடம் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசவில்லை. அவருடைய சர்க்கரைக்கு வேளாவேளைக்கு ஊசி போட்டுவிட்டு, "மாமா பேசுவாங்கப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மீனவ ஊர்களில் சம்பந்தம் முடிந்ததற்கு வெற்றிலை பாக்கு சாட்சி இல்லை, சோறுதான் சாட்சி. மாப்பிள்ளையின் அப்பா பெண் வீட்டு இலையில் கை நனைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. கை நனைக்காமல் எழுந்துவிட்டால் முறிவு. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர் சோற்றில் கை வைக்கும்வரை பந்தியில் உட்கார்ந்த யாரும் தொடக் கூடாது, எழவும் கூடாது. பெண்ணைப் பெற்றவன் அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இப்படி ஒரு மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் எழுந்து போய், அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வரனே அமையாமல் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அதனால் முன்கூட்டியே தலைவரிடம் சொன்னேன்.

"சார், ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எங்க அக்கா வீட்ல கை நனைக்கணும்."

"ஜன்னல் பன்னெண்டுக்கே திறந்துடுதே. தாராளமா நனைக்கலாம்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை நாகூர்க்காரர் முப்பத்தாறு மணி நேரம் நோன்பிருந்து ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டார். அந்தச் செய்தி செயலியில் வந்த சற்று நேரத்தில் தலைவர் என்ன செய்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் விசேஷத்துக்கு அடுத்தவன் பிடித்த மீனைப் போடுவதா என்று அரசப்பன் மச்சான் முந்தின ராத்திரி தானே கடலுக்குப் போயிருந்தார். காலையில் நல்ல வஞ்சிரமாகக் கொண்டு வந்தார். ஒன்றைக்கூட ஏலத்துக்குப் போடவில்லை. அக்கா விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றாள். வஞ்சிரம் குழம்பு, வறுவல், இறால் தொக்கு, சுறாப் புட்டு, இலை ஓரத்தில் கேசரி. தெருவே மணத்தது.

ஊர்ப் பஞ்சாயத்தார் காத்தமுத்து தலைமையில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. பந்திப்பாய் விரித்தார்கள். நடு இலையில் தலைவர், பக்கத்தில் சசிதரன், எதிரில் அரசப்பன் மச்சான். உட்காரும் முன்பு வினோதினி அவரை உள்ளே கூப்பிட்டு வழக்கமான ஊசியைப் போட்டாள். "உடனே சாப்பிட்டுடணும்பா" என்று சொல்லி அனுப்பினாள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தி, கை நனைங்க" என்றாள்.

தலைவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மன்னிக்கணும். நான் நோன்புல இருக்கேன்."

காத்தமுத்து மரியாதையாகக் கேட்டார்: "எந்தக் கோயிலுக்குங்க?"

"கோயிலுக்கு இல்லை. உடம்புக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன். நாற்பத்தெட்டு மணி நேர மகா நோன்பு. இன்னிக்கு ஆறு மணிக்கு முடியுது." கைப்பேசியை எடுத்துக் காட்டினார். பச்சை வட்டம் முக்கால்வாசிக்கு மேல் சுற்றியிருந்தது. "ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா உடம்பு தன்னைத்தானே தின்னு சுத்தமாக்கிக்கும்."

"எது எதைத் திங்குமுங்க?"

"உடம்பு உடம்பையே திங்கும்."

"அது எதுக்குங்க, அதான் வஞ்சிரம் இருக்கே?" என்றார் காத்தமுத்து. அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நீங்க எல்லாரும் சாப்பிடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் தலைவர், கோப்பில் கையெழுத்துப் போடுகிற குரலில்.

"நீங்க கை நனைக்காம நாங்க எப்படிங்க சாப்பிடுறது? உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் பட்டினச்சேரிதானே?"

"அது பழைய வழக்கம்."

"அப்ப இது?"

"இது அறிவியல்."

காத்தமுத்து தாடையைச் சொறிந்தார். "அப்ப சம்மதம் இல்லீங்களா?"

"சம்மதம்தான்."

"அப்ப சாப்பிடுங்க."

"சாப்பிட மாட்டேன்."

"அப்ப சம்மதம் இல்லை."

"சம்மதம்தான்யா!"

"அப்ப சாப்பிடுங்க."

இந்தப் பேச்சுவார்த்தை இப்படியே பல சுற்றுகள் நடந்தது. கடைசியில் காத்தமுத்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "கை நனைக்காம எழுந்திரிச்சாத்தான் முறிவு. அவரு இன்னும் எழுந்திரிக்கலை. உக்காந்திருக்கிற வரைக்கும் பேச்சு நடக்குதுன்னுதான் அர்த்தம். ஆறு மணிக்கு அவரு கை நனைப்பாரு. அதுவரைக்கும் ஒருத்தரும் இலையை விட்டு அசையாதீங்க."

இவ்வாறாக, கிளிஞ்சல்மேட்டில் மாபெரும் கூட்டு நோன்பு தொடங்கியது. விடியற்காலை கடலிலிருந்து திரும்பியவர்கள், வலை பிரித்தவர்கள், மீன் கூடை சுமந்தவர்கள் என்று, உடம்பில் கொழுப்பென்று ஒன்று இருந்திராத பல பேருக்கு அதைக் குறைக்கும் அரிய வாய்ப்பு அன்று இலவசமாகக் கிடைத்தது. ஆளுக்கொரு இலைச் சோறு. ஆளுக்கொரு வஞ்சிரம். ஈ ஓட்டுவதற்கு ஆளுக்கொரு கை. தலைவர் அந்த நேரத்தையும் வீணாக்கவில்லை. காலை உணவு என்பதே வியாபாரிகள் செய்த சதி என்று விளக்கினார். காலையில் ஏலத்துக்கு ஓடுகிற அவசரத்தில் ஒருநாளும் காலை உணவு சாப்பிட்டிராத மனிதர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஆயுசுல பாதி நாளு நாங்க இப்படித்தானுங்க இருந்திருக்கோம். இதுக்குப் பேரு இருக்குன்னு தெரியாமப் போச்சு" என்றார் ஒருவர்.

"பாத்தீங்களா? நீங்க எல்லாம் பிறவி நோன்பாளிகள்!" என்று தலைவர் மகிழ்ந்தார்.

அந்தப் பந்தியில் முதலில் வாய் வைத்தது அக்கா வீட்டுப் பூனை. தலைவரின் இலையிலிருந்து ஒரு வறுவலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அது மாப்பிள்ளை வீட்டுத் தரப்பா, பெண் வீட்டுத் தரப்பா என்று முடிவாகாததால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா குழம்பைச் சுட வைப்பதும், ஆறிப் போவதைப் பார்ப்பதும், மறுபடி சுட வைப்பதுமாக இருந்தாள். ஒருமுறை என் பக்கம் குனிந்து, "தம்பி, அந்த மனுஷன் நிசமாவே மறுக்கிறாரா? மறுக்கிறதா இருந்தா நேரா சொல்லச் சொல்லு. எம்பொண்ணு உள்ள அழுதுகிட்டு நிக்கிறா" என்றாள்.

அப்போதுதான் மச்சானைக் கவனித்தேன். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. காற்று நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. இலைமேல் இருந்த கை நடுங்கியது. அதை மறைக்க இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

வினோதினி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். நான் சொல்வது நிஜ ஜன்னல். பெண் பந்திக்கு வரக் கூடாது என்ற வழக்கமெல்லாம் பறந்தது. ஓடி வந்தாள்.

"மாமா, அப்பாவுக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இன்னும் சாப்பிடலையா?"

அவள் ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டு வந்து அப்பா வாயருகே பிடித்தாள். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"குடிங்கப்பா. மயக்கம் வந்துடும்."

"சம்பந்தி கை நனைக்கட்டும்மா."

"அப்பா!"

"மயக்கம் வந்தா வரட்டும். என்னால உன் கல்யாணம் நின்னுச்சுன்னு இருக்கக் கூடாது." வார்த்தை குழறியது.

தலைவர் எட்டிப் பார்த்தார். "யாரும் பயப்பட வேண்டாம். உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சிருக்கு. நல்ல அறிகுறி. எனக்கும் முதல் வாரம் இப்படித்தான் நடுங்கிச்சு."

"உங்களுக்கு எரிஞ்சது கொழுப்பு சார். எங்கப்பாவுக்கு சக்கரை இறங்குது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா உயிருக்கே ஆபத்து" என்றாள் வினோதினி.

நான் எழுந்து போய்த் தலைவரின் காலடியில் உட்கார்ந்தேன். இலையை விட்டு எழுந்தது குற்றம்தான். எனக்கு அப்போது பயத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"தலைவரே, ஒரு பருக்கை. ஒரே ஒரு பருக்கை எடுத்து வாயில வச்சிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பார்த்தார். "முத்தையா, இவ்வளவு தூரம் வந்தாச்சு. இப்ப ஒரு பருக்கை வச்சாலும் பூஜ்யத்துக்குப் போயிடும்யா. நாகூர்க்காரன் சிரிப்பான்."

இத்தனை வருஷம் இந்த மனிதருக்குக் கைகட்டி நின்றோமே என்று எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது.

வினோதினி டம்ளரைக் கீழே வைத்தாள். சசிதரனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவன் இலைமேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அப்பாவையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சசி, உங்க அப்பா கை நனைக்க மாட்டாங்க. நீங்க நனைக்கிறீங்களா, இல்ல எங்கப்பா விழற வரைக்கும் நேரம் பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

"அப்பா..." என்றான் சசிதரன்.

"பொறுடா. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றார் தலைவர்.

சசிதரன் பொறுக்கவில்லை. ஒரு கைப்பிடிச் சோற்றைக் குழம்போடு சேர்த்துப் பிசைந்தான். ஒரு துண்டு வஞ்சிரத்தையும் சேர்த்து உருட்டி வாயில் போட்டான். அவன் மென்ற சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது.

எல்லாரும் காத்தமுத்துவைப் பார்த்தார்கள். அவர், "வழக்கப்படி அப்பன்தான் நனைக்கணும்" என்றார். பிறகு நடுங்கிக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தார். "ஆனா கட்டிக்கப் போறது அப்பனா? மாப்ள கை நனைச்சாச்சு. சம்பந்தம் முடிஞ்சாச்சு. சாப்பிடுங்கய்யா!"

அத்தனை கைகளும் ஒன்றாக இலையில் விழுந்தன. வினோதினி இலை ஓரத்துக் கேசரியை வழித்து அப்பா வாயில் ஊட்டினாள். அவர் இப்போது வாயைத் திறந்தார். அப்புறம் சர்க்கரைத் தண்ணீர். அப்புறம் இன்னும் கொஞ்சம் கேசரி. அவர் கை நடுக்கம் நின்று, முகத்தில் தெளிவு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள, வஞ்சிரம் எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றான் சசிதரன். அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

தலைவர் மட்டும் அசையவில்லை. பந்தி முடிந்தது, இலைகளை எடுத்தார்கள், பாயைச் சுருட்டினார்கள், பெரியவர்கள் கல்யாணத் தேதி பேசிவிட்டுக் கிளம்பினார்கள். அவர் தம் இலை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு ஊதுகுழல் முழங்கியது. திரையில் தங்கப் பதக்கம் சுழன்றது. "முடிச்சிட்டேன்!" என்று கையை உயர்த்தினார். பார்ப்பதற்கு நானும் பூனையும் மட்டுமே இருந்தோம்.

"இப்ப சாப்பிடலாம்" என்றார்.

அக்கா அடுப்படி வாசலில் நின்று, "எங்க ஜன்னல மூடிட்டோம் சம்பந்தி" என்றாள்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மச்சானின் குரல் கேட்டது. "ஏ புள்ள, வீட்டுக்கு வந்தவரு வெறும் வயித்தோட போகக் கூடாது. சுட வச்சுப் போடு."

அக்கா சுட வைத்துப் போட்டாள். நாற்பத்தெட்டு மணி நேர நோன்பு அரை மணியில் ஈடுகட்டப்பட்டது. சோறு மூன்று முறை, குழம்பு நான்கு முறை, வறுவல் சட்டி காலியாகும்வரை. கடைசியில் கையைக் கழுவிவிட்டு அவர் சொன்னார்: "குழம்புல உப்பு ஒரு கல்லு தூக்கல்."

மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் சங்கத்தின் பாராட்டுக் கூட்டம் நடந்தது. வட்டாரத்தின் முதலிடத்தைக் காரைக்காலுக்குப் பெற்றுத் தந்த தலைவருக்குச் சிதம்பரநாதன் சால்வை போர்த்தினார். சாப்பாட்டின் எதிரே ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த அவருடைய மன உறுதியைப் புகழ்ந்து ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. நாகூர்க்காரர் செயலியில் வாழ்த்து அனுப்பியிருந்தார். தலைவர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். பிறகு, நேரில் கண்ட சாட்சி என்ற முறையில் செயலாளர் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள்.

நான் எழுந்தேன். கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"நோன்பு இருக்கிறவங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்க எல்லாரும் தங்களோட சோத்தைத்தான் தள்ளி வைப்பாங்க. அடுத்தவங்க சோத்தை அஞ்சு மணி நேரம் தள்ளி வைக்கப் பாத்து, அதுக்குத் தங்கப் பதக்கமும் வாங்கின ஒரே மகான் நம்ம தலைவர்தான்."